தலைமடையும் கடைமடையும்: காவிரிக் கழிமுகத்து மண் வரலாறு

நம் நாட்டுத் தமிழர் பலரிடம் முன்னோரின் ஊர் யாதென்று வினவினால், "தஞ்சாவூர்ப் பக்கம்" என்னும் விடை எளிதில் வந்துவிடும். அதற்கு மேல் ஊர்ப்பெயரோ வட்டத்தின் பெயரோ சொல்ல அறிந்தவர் குறைவு. கேட்பவர் மனத்திலும் தஞ்சாவூர் என்றவுடன் ஒரே காட்சிதான் எழுகின்றது. காவிரி கரைபுரண்டு ஓடுகிறது, கண்ணுக்கெட்டிய தூரம் வயல் பசுமையாக விரிந்து கிடக்கிறது, களஞ்சியங்கள் நிறைந்திருக்கின்றன. அப்படியானால் அத்தகைய சோற்று வளமுடைய நாட்டை விட்டு, ஆயிரக்கணக்கானோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறியது ஏன்? ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னை இவ்வாறு கேட்டதுண்டு. வறுமை என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் வளமான நாட்டில் வறுமை எவ்விடத்தில், எவர் வீட்டில் இருந்தது என்று அடுத்த வினா எழும். அதற்கு விடை காண வேண்டுமானால் மண்ணிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

பழைய தஞ்சை மாவட்டம் இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என நான்காகப் பிரிந்துள்ளது. இப்பெருநிலம் முழுவதும் ஒரே மண்ணுடையது என எண்ணுதல் பெரும்பிழை. ஆற்று நீர் முதலில் வந்து சேரும் தலைமடையில் ஒரு மண்; கடைசியில் வந்து சேரும் கடைமடையில் வேறொரு மண்; கடலோரத்தில் இன்னொன்று; தெற்கே பட்டுக்கோட்டைப் பக்கம் முற்றிலும் வேறானது. நெல்வரி, ஊர் அமைப்பு, உழுபவன் நிலை ஆகிய யாவும் இவ்வேறுபாட்டோடு பின்னிக் கிடக்கின்றன. நிலநூலை ஒரு பாடவேளையிலும் வரலாற்றை மற்றொரு பாடவேளையிலும் நாம் கற்பிப்பதனால் இத்தொடர்பு மாணவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆறு நிலத்தை ஆக்கும் முறை எளியது. வேகமாக வரும் வெள்ளம் மணலையும் நுண்மண்ணையும் களியையும் கலந்து சுமந்து வருகின்றது. கரை கடந்து பரவியவுடன் வேகம் குறைகின்றது. கனத்த மணல் ஆற்றோரத்திலேயே படிந்துவிடும். அதனினும் நுண்ணிய வண்டல் சற்று அப்பால் தங்கும். மிக நுண்ணிய களித்துகள் தேங்கிய நீரில் மிதந்து, நெடுந்தொலைவு சென்று, மெல்ல அடியில் இறங்கும். ஆகவே ஆற்றின் இரு கரைகளும் மேடாகவும், இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம் பள்ளமாகவும் அமைகின்றன. மேட்டில் ஊரும் தோப்பும், பள்ளத்தில் நெல்வயல். அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு எனக் கிளைகள் பல்கியமையால், இந்த மேடும் பள்ளமும் விரித்த கை விரல்களும் விரலிடைகளும் போல மாறி மாறிக் கடல்வரை செல்கின்றன.

கரையோர மேட்டு நிலத்திற்குப் படுகை என்று பெயர். இது மணல் கலந்த பொலபொலப்பான மண். நீர் தங்காது வடியும். வேர் ஆழமாக இறங்கும். கும்பகோணத்து வெற்றிலையும் திருவையாற்று வாழையும் பெயர்பெற்றது இம்மண்ணால் என்க. படுகையில் நெல் நட்டால் நீர் நில்லாது. களியில் வெற்றிலைக் கொடி நட்டால் வேர் அழுகும். எதை எங்கு நடவேண்டும் என்பதை உழவன் மண்ணைக் கையில் பிசைந்து பார்த்தே அறிந்தான். உருட்டினால் உருண்டு நிற்பது களி. உதிர்ந்து போவது மணல். இரண்டுக்கும் நடுவே நிற்பது வண்டல். சென்னை மாகாணத்து நிலவரித் திட்ட அதிகாரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலங்களைத் தரம் பிரித்தபோதும், களி, இருமண் கலப்பு, மணல் என்ற இந்த மூன்றையே அடிப்படையாகக் கொண்டனர். உழவன் கைவிரல் கண்ட உண்மை வரிப்பதிவேட்டில் ஏறியது.

தானாக விட்டால் ஆறு ஓரிடத்தில் நில்லாது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கொள்ளிடத்தின் போக்கு நேரானது, சரிவும் மிகுதி. எனவே வெள்ளம் அதிலேயே பாய முற்படும். காவிரியின் படுக்கை மணலேறி உயரும். சிறிது காலம் கவனியாது விட்டால் கொள்ளிடம் முழு நீரையும் கடலுக்குக் கொண்டு போய்விடும். தஞ்சை வயல்கள் காயும். கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்லணை, காவிரி நீர் கொள்ளிடத்தில் வீணே சரிந்துவிடாமல் தடுப்பதற்கென மணற்படுக்கையின் மீது கல்லும் களிமண்ணும் கொண்டு வளைவாக எழுப்பப்பட்டது. அடியில் பாறை இல்லாத மணலில் அணை நிற்கும் என்பதை ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கல்லணையிலிருந்துதான் கற்றுக்கொண்டார். 1836இல் அவர் முக்கொம்பில் மேலணை கட்டத் தொடங்கியபோது, காவிரியின் தலைப்பு மணலால் பெரிதும் தூர்ந்திருந்தது. அப்போது அவ்வணை எழாதிருந்தால் இன்று நாம் காணும் தஞ்சை வயல்களில் பெரும்பகுதி இராது. தஞ்சை மண்ணை ஆறு கொடுத்தது உண்மையே. அதை நிலைநிறுத்தியவை அணையும், கரையும், ஆண்டுதோறும் நீர் வருமுன் வாய்க்காலில் இறங்கித் தூர்வாரிய ஊரார் மண்வெட்டியுமாகும். குடிமராமத்து என்று இப்பணிக்குப் பெயர்.

சோழர் காலத்து ஆவணங்களைப் படிக்கும்போது, அவர்கள் இந்நிலத்தை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தனர் என்பது விளங்கும். முதலாம் இராசராசன் காலத்தில் ஏறத்தாழ கி.பி. 1001இல் நாடு அளக்கப்பட்டது. முதற் குலோத்துங்கன் 1086இல் மீண்டும் அளந்தான். வேலி, மா, காணி, முந்திரி என நில அளவுகள் இறங்கிச் சென்றன. ஒரு வேலி ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர்; இருபது மா கொண்டது. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. அதற்குக் கீழே கீழ்முந்திரி, அதற்கும் கீழே இன்னும் பல படிகள். தஞ்சைப் பெருவுடையார் கோயில் கல்வெட்டுகளில் ஒரு வேலியை 52,428,800,000 கூறாக்கி, அதில் ஒரு கூறுவரை கணக்கிட்டுள்ளனர் என்று வரலாற்று நூல்கள் வியந்து எழுதும். இந்த எண்ணைக் கண்டு நாமும் வியந்து நின்றுவிடுதல் கூடாது. கணக்கிட்டுப் பார்த்தால் அக்கூறு ஒரு சதுர மில்லிமீட்டரில் பாதியளவே ஆகும். எந்த அளவுகோலும் எந்தக் கயிறும் அதை அளக்கவியலாது. முந்நூற்றிருபதை நான்கு முறை பெருக்கி, பின் ஐந்தால் பெருக்கினால் அந்த எண் அப்படியே வரும். எனவே அது வயலில் கண்ட அளவன்று. ஓலையில் கணக்கன் வகுத்த வகுத்தலின் எச்சம் என்பதே என் கருத்து. கணித ஆசிரியர்கள் இதை வகுப்பில் போட்டுக் காட்டலாம். மாணவர் பின்னம் என்றால் அஞ்சுவது சற்றுக் குறையும்.

இந்த எண்ணை விட எனக்கு அரியதாகத் தோன்றுவது வேறொன்று. பெருவுடையார் கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களின் நிலத்தைக் கல்லில் பொறித்தபோது, வரிக்கு உட்படாத நிலங்களை முதலில் கழித்துவிட்டார்கள். ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியன ஒவ்வொன்றாக எண்ணிக் கழிக்கப்பட்டன. எஞ்சியதற்கே வரி. இதனால் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு கழிமுகத்து ஊரின் நிலப்பயன் முழுவதும் நம் கண்முன் நிற்கின்றது. நீர் போகும் வழி எவ்வளவு இடம் பிடித்தது, உழைப்பவர் குடியிருப்பு எங்கே தனியே வைக்கப்பட்டிருந்தது என்பனவெல்லாம் இக்கழிவுப் பட்டியலில் உள்ளன. சேரி என்னும் அச்சொல் அன்றே கல்லில் ஏறிவிட்டதையும் கவனிக்க வேண்டும்.

பிரமதேய ஊர்களில் வயலுக்கு முகவரியே இருந்தது. கிழக்கு மேற்காக ஓடும் வாய்க்கால்களுக்கும் தெற்கு வடக்காகச் செல்லும் வதிகளுக்கும் தனித்தனிப் பெயர் இட்டனர். இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, எத்தனையாவது கண்ணாறு, எத்தனையாவது சதுரம் என்று எழுதினால் எவரும் அவ்வயலை மயங்காது காணலாம். நம் தோட்டங்களில் மரங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து எண் கொடுத்திருப்பதை அறிந்தவர்களுக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது.

நம் நாட்டோடு நேரே தொடர்புடைய சான்று ஒன்றும் உண்டு. கடாரத்து அரசன் சிரீமாற விசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எடுப்பித்தான். கடாரம் என்பது இன்றைய கெடா. அவ்விகாரத்துக்கு இராசராசன் தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1006இல், ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். பெண்யானையை நடத்தி எல்லை சுற்றி, கல்லும் கள்ளியும் நட்டு அடையாளம் செய்தனர். ஆலந்து நாட்டு லெய்டன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டமையால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர்பெற்ற ஏடுகள் இதனைக் கூறுகின்றன. அவ்வூரின் நிலம் 97 வேலிக்குச் சிறிது மிகுதி. அளக்க வேண்டிய நெல் 8,943 கலத்துக்குச் சிறிது மிகுதி. வகுத்தால் வேலிக்கு ஏறத்தாழ 92 கலம் வருகின்றது. பெருவுடையார் கோயிலுக்கு நெல் அளந்த சோழமண்டலத்து ஊர்களிலோ வேலிக்கு ஏறத்தாழ நூறு கலம் என்பதே பரவலான விகிதம். நாகைப் பக்கத்துக் கடைமடை ஊரும் அதற்குப் பெரிதும் குறையாது அளந்திருக்கின்றது. கடைமடை மண் ஏழை மண் என்று எண்ணுவோருக்கு இது மறுப்பாகும். கடாரத்துப் பள்ளிக்கு விளக்கெரிய இம்மண் நெல் கொடுத்தது. இருபது ஆண்டுகள் செல்லுமுன் சோழர் படை அதே கடாரத்தின் மேல் சென்றது வேறு கதை.

மண் ஏழையன்று எனில் கடைமடையின் இடர் யாது? நீர் வந்து சேரும் காலமும் அது வடிந்து போகும் காலமுமே இடர். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

கடைமடைக் களி கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். கால் நுழையும் அளவு பிளவுகள் தோன்றும். நீர் பட்டதும் ஊதி இறுகும். முதல் நீர் முழுவதையும் வெடிப்புகளே குடித்துவிடும். உலர்ந்தால் கல், நனைந்தால் பசை. ஏரும் மாடும் கொண்டு இதைச் சேறாக்குவது, நாற்றுப் பறிப்பது, நடுவது, களை எடுப்பது ஆகிய எல்லாவற்றிற்கும் ஒரே வாரத்தில் மிகப்பல கைகள் வேண்டும். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்த பிறகு, ஆண்டுதோறும் சூன் 12இல் நீர் திறப்பது வழக்கமாயிற்று. அந்நீர் கல்லணையை அடைய மூன்று நான்கு நாள். வாய்க்கால் வாய்க்காலாக இறங்கிக் கடைமடை வர இன்னும் பல நாள். தலைமடைக்காரன் குறுவை நட்டு முடிக்கும் வேளையில் கடைமடைக்காரன் வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்திருப்பான். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது நிலைமை தலைகீழாகும். மேலே பெய்த நீரெல்லாம் வடிந்து இவன் வயலில் வந்து நிற்கும். கடலில் அலையேற்றம் இருந்தால் வடிகால் வாய் திறவாது. ஒரே வயல் ஓராண்டிலேயே வறட்சியும் வெள்ளமும் காணும்.

இந்நிலைக்கேற்ற உபாயங்களையும் அவர்கள் கண்டிருந்தார்கள். குறுவை விதையோடு ஒட்டடன் என்னும் நீண்டகால நெல்லைக் கலந்து நடுவர். குறுவை முதலில் அறுபடும். அடியில் நின்ற ஒட்டடன் மழை நீரில் தழைத்து, தை மாசியில் கதிர் தரும். இருமுறை உழும் செலவும் நடும் கூலியும் இல்லாது இரு அறுவடை. உடு என்று இதற்குப் பெயர். சம்பா அறுப்பதற்குப் பத்து நாள் முன்பு, நின்ற பயிருக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவர். களி தேக்கி வைத்திருக்கும் ஈரமும் பனியுமே அதற்குப் போதும். உவர் ஏறிய வயலுக்குக் குழியடிச்சான், களர்ப்பாலை என்று தனி நெல்லினங்கள் இருந்தன. கோடையில் இராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆடு ஓட்டிவந்து தரிசில் கிடை போடுவர். வயலுக்கு எரு சேரும். இவை யாவும் எந்த விவசாயக் கல்லூரியும் தோன்றுமுன் இருந்தவை.

நெல்லினம் பற்றிய பேச்சு வந்தமையால் ஒன்று கூறி மேற்செல்வேன். தமிழகத்தில் மிகப் பெயர்பெற்ற பொன்னி அரிசி, பெயரளவில் காவிரியே. ஆனால் அதன் பிறப்பில் மலாயாவுக்குப் பங்குண்டு. மாயாங் எபோஸ் என்னும் மலாயா நெல்லையும் தைவானின் தைச்சுங் 65 நெல்லையும் கலந்து பிறந்த மசூரி 1965இல் இந்நாட்டில் வெளியிடப்பட்டது. அம்மசூரி இனமே தமிழகம் சென்று பொன்னியாயிற்று. நாம் கடையில் இறக்குமதிப் பொன்னி என்று விலை கொடுத்து வாங்குவது, நம் செபராங் பிறை வயல்களின் உறவுக்கார நெல்லைத்தான்.

பல கைகள் வேண்டும் என்றேனே, அக்கைகள் யாருடையவை? இங்குதான் மண் வரலாறு மக்கள் வரலாறாகின்றது. நிலம் மிராசுதாரிடம் இருந்தது. அவர் ஏர் பிடிக்கவில்லை. படுகைப் பக்கத்தில் வெற்றிலை, வாழை, சிறு தோட்டம் எனப் பிழைப்புக்குப் பல வழி இருந்தன. பள்ளத்துக் களியிலோ நெல் ஒன்றே. வேலை நடவிலும் அறுப்பிலும் குவிந்து, மற்ற மாதங்களில் இல்லாமற் போயிற்று. வேலைக் காலத்தில் ஆள் தவறாது கிடைக்க வேண்டுமென்று, பண்ணையாள் என்னும் கட்டுக்குள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களைப் பிணைத்து வைத்தனர். அப்படிப் பிணைக்கப்பட்டவர் பெரும்பாலும் ஆதிதிராவிட மக்கள். காத்தலீன் கஃப் என்னும் மானிடவியல் அறிஞர் 1951 முதல் 1953 வரை தஞ்சைக்கு அருகில் ஓர் ஊரிலும் நாகைக்கு அருகில் ஓர் ஊரிலும் தங்கி ஆராய்ந்தார். நன்செய் அடர்ந்த இடங்களில் நிலமற்ற உழைப்பாளரும் ஆதிதிராவிடரும் மிகுதியாக இருப்பதை அவர் எடுத்துக் காட்டினார். வயல் எவ்வளவு செழிப்போ, அவ்வளவு நிலமற்றோர். மாணவனின் வினாவுக்கு இதுவே பெரும்பகுதி விடை.

தஞ்சைப் பண்ணையாள்களைக் காக்க 1952இல்தான் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பின்னும் கூலி நெல் பற்றிய பூசல் ஓயவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் நாற்பத்து நால்வர் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஆனைமங்கலமும் கீழ்வெண்மணியும் நாகை வட்டாரத்து ஊர்களே. ஒரே களி நிலம். ஒன்றைப் பெருமையோடு வகுப்பில் சொல்லும் நாம் மற்றொன்றையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

இக்கட்டிலிருந்து வெளியேறும் கதவு அருகிலேயே இருந்தது. நாகப்பட்டினம் 1658 முதல் ஆலந்துக்காரரிடமும், 1781 முதல் ஆங்கிலேயரிடமும் இருந்த துறைமுகம். 1860ஆம் ஆண்டையொட்டி நாகையிலிருந்து திருச்சி வரை இருப்புப்பாதை அமைந்தது. அதே பாதை நெல்லைத் துறைமுகத்துக்குக் கொண்டு வந்தது. ஆளையும் கொண்டு வந்தது. கங்காணி ஊருக்குள் வந்து முன்பணம் கொடுத்தார். பினாங்கு செல்லும் கப்பலுக்காக முகாமில் காத்திருந்தவருள் திருச்சி, சேலம் மாவட்டத்தாரும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் வானம் பார்த்த பூமியிலிருந்து வறட்சியால் வந்தோர். தஞ்சையிலிருந்து வந்தவரின் கதை வேறு. நெல் விளையும் நாட்டில் நெல் தமக்கு உரிமையில்லாதவராக இருந்து வந்தோர் அவர்களில் பலர். இந்திய அரசு 1938இல் உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தும்வரை இவ்வோட்டம் ஏறியும் இறங்கியும் நடந்தது.

நம் கடலோரத் தோட்டங்களிலும் களிதான். கிள்ளான், கோலசிலாங்கூர், கீழ்ப்பேராக் பக்கங்களில் பணிசெய்தவர் அறிவர்: பாரிட் வெட்டி நீரை வடித்து, கரை போட்டுக் கடலைத் தடுத்த நிலம் அது. ஆனால் குணம் வேறு. அங்கே ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் மில்லிமீட்டர் மழை, கோடை நீண்டது, ஆகவே உப்பு மேலேறி மண்ணில் தங்கும். இங்கே அதைவிட இரு மடங்கு மழை, உப்பைக் கழுவிவிடும். அதற்குப் பதிலாக இலைதழை மட்கிய கரிச்சேறும், வடித்து உலர்த்தினால் புளித்துப்போகும் கந்தகக் களியும் நமக்கு வாய்த்தன. தஞ்சை உழவன் உவரோடு போராடினான். அவன் பேரன் இங்கே புளிப்போடு போராடினான்.

இனிக் கடலோரம். களர், உவர் என இரு சொற்களை நாம் ஒன்றாக வழங்குகிறோம்; அவை வேறு. உவர் என்பது உப்புப் பூத்த மண். நல்ல நீர் கட்டி வடித்தால் தெளியும். களர் நீர் இறங்காது இறுகிப்போன மண். வெறும் நீரால் தீராது. சிப்சம் இட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும். உவர்மண் வண்ணாருக்குத் துணி வெளுக்கப் பயன்பட்டது. ஆகாத மண் என்று எதையும் அக்காலத்தார் ஒதுக்கவில்லை. கோடிக்கரையிலிருந்து முத்துப்பேட்டை வரை நீளும் சதுப்பில் உப்பு விளைந்தது. இராசாசி 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து தொண்டரோடு நடந்து வேதாரண்யத்தை அடைந்தது அங்குள்ள உப்பை அள்ளுதற்கே. உழவுக்கு உதவாத நிலம் நாட்டு விடுதலை வரலாற்றில் இடம்பெற்றது.

அச்சதுப்பை ஒட்டி நீண்ட மணல்மேடுகள் பல உள்ளன. கடல் விட்டுச் சென்ற பழைய கரைகள் இவை. மணலில் இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். சிறிது தோண்டினால் நல்ல நீர். ஆழத் தோண்டினால் உப்பு. இதை அறிந்தே வேதாரண்யத்தார் ஆழமில்லாத குட்டை தோண்டி, குடத்தால் ஊற்றிப் புகையிலையும் முல்லையும் வளர்த்தனர்; மாவும் தென்னையும் வைத்தனர். இங்கே பண்ணை முறை களிநிலத்தைப் போல வேரூன்றவில்லை. சிறு நிலமும் சொந்தக் கையுழைப்புமே மிகுதி.

தெற்கே பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, பேராவூரணிப் பகுதி காவிரி படைத்த நிலமன்று. செம்மண், பல இடங்களில் சரளை. 1934இல் மேட்டூரோடு கல்லணைக் கால்வாயும் அமைந்து, ஏறத்தாழ மூன்று இலட்சம் ஏக்கருக்கு நீர் பாய்ந்தபோது இதற்குப் புது டெல்டா என்று பெயர் வந்தது. நீர் காவிரியுடையது, மண் பழைய மானாவாரி மண். ஆகையால் தென்னைக்கு இசைந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கசா புயல் அடித்தபோது, முப்பது நாற்பது ஆண்டு வளர்ந்த தென்னந்தோப்புகள் ஓரிரவில் சாய்ந்தன. நெல் அழிந்தால் அடுத்த பருவம் உண்டு. தென்னை அழிந்தால் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும்.

அண்மைக்கால மாற்றங்களைச் சுருக்கமாகவே சொல்வேன். கண்ணம்பாடியும் மேட்டூரும் அமைந்தபின் வண்டல் அணைகளின் அடியில் தங்கிவிடுகின்றது. கழிமுகத்துக்கு வருவது தெளிந்த நீர். நிலத்தை ஆக்கிய செயல் நின்றுவிட்டது என்பது பொருள். நீரும் காலத்தில் வருவதில்லை. எட்டாண்டு இடைவெளிக்குப் பின் 2020இல்தான் சூன் 12இல் மேட்டூர் திறந்தது. 1990களில் நாகைக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகி, கடல்நீர் வயலுக்கும் கிணற்றுக்கும் பரவியது. காந்தியவாதி செகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். வயல்களில் கடல்நீர் நின்றது. மழை கழுவிய இடங்களில் இரண்டொரு பருவத்தில் நெல் மீண்டும் முளைத்தது. வடிகால் இல்லாத இடங்களில் நாள் பிடித்தது.

மண்ணின் வேறுபாடு ஊர்ப்பெயர்களில் இன்றும் பதிந்துள்ளது. பழைய வரைபடம் ஒன்றை விரித்துக் காவிரியின் இருகரையிலும் பார்த்தால் மங்கலம், நல்லூர் என்ற முடிவுகள் அடர்ந்திருக்கக் காணலாம். வண்டல் வயலையொட்டிய தானக் குடியிருப்புகள் அவற்றுள் பல. படுகை, திடல் என்பன ஆற்று மேடுகள். செம்மண் பக்கம் இறங்கினால் துறவிக்காடு, ஒட்டங்காடு எனக் காடுகள் தொடங்கும். வேதாரண்யத்து மணல்மேட்டுக்குப் போனால் கருப்பம்புலம், ஆயக்காரன்புலம், கத்தரிப்புலம், செட்டிப்புலம், குரவப்புலம் என ஒரே வட்டத்தில் புலங்கள் வரிசையாக நிற்கின்றன. புலம் என்பது ஆற்றுப் பாய்ச்சல் இல்லாத மேட்டு விளைநிலம். வீட்டில் பழைய பாசுபோர்ட்டோ, ஊரிலிருந்து வந்த கடித உறையோ வைத்திருப்பவர், அதிலுள்ள ஊர்ப்பெயரின் ஈற்றுச் சொல்லைப் பார்க்கட்டும். முன்னோர் எம்மண்ணில் நின்றார்கள் என்பது பாதி தெரிந்துவிடும்.